படுக்கையைத் தூக்க நாலு பேர்: டர்பனுக்குப் புதிதாக வந்தவருக்கு நோய்ச் செய்தி வந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து எட்டாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான். கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். பாளையங்கோட்டையில் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சித்தி, அத்தை, சபைப் போதகர் ஐயா, அவர் மனைவி ஐயரம்மா என்று வீடு நிறைந்திருக்கும். இங்கே பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பரிசோதனையில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலை. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை. அதற்குப் பிறகு, இந்த ஊருக்குப் புதிதாக வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் யாருக்காவது இப்படி ஒரு செய்தி வந்தால் யாராவது என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் தொலைபேசியில் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதயம், சிறுநீரகம் என்று வேறு நோயாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: நாலு பேரைத் தேடுங்கள்

"கடைசியில் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்திலும் நாலு பேர் வருகிறார்கள். அவர்கள் சுமந்து வந்தது உயிரோடு இருந்த ஒரு திமிர்வாதக்காரனை. கூட்டத்தில் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கினார்கள். அந்த இடத்தில் வசனம் "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அறிக்கை கைக்கு வந்த இரவு எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. சிறுவயதிலிருந்து மனப்பாடமான சங்கீதம்கூட இரண்டாம் வரியில் அறுந்துபோனது. விசுவாசம் போய்விட்டதோ என்ற பயம், நோயைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது "அவர்கள் விசுவாசத்தை" என்ற அந்தச் சொல். படுத்திருப்பவரால் சுமக்க முடியாதபோது, சுமக்கிறவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். ஆகவே, "விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது" என்று கேட்கிறவர்களிடம், "உங்களுக்கு இந்த ஊரில் நாலு பேர் இருக்கிறார்களா" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

இந்த நாலு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் மருத்துவமனைக்கு வண்டியில் கூட்டிப்போய்க் காத்திருப்பவர். இன்னொருவர் மருத்துவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுபவர். "கேன்சர்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு மருத்துவர் சொல்லும் எதுவும் நம் தலையில் ஏறாது, என் அனுபவம் இது. மூன்றாமவர் வாயைக் கட்டிக்கொண்டு ஜெபிப்பவர். உங்கள் செய்தியைச் சபை முழுவதற்கும் ஜெபக் குறிப்பாகப் பரப்பிவிடுகிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

நாலாவது ஆள், இரவு இரண்டு மணிக்கு எழுப்பக்கூடியவர். பயம் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்திய நேரம் தென்னாப்பிரிக்க நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. டர்பனில் இரவு இரண்டு மணி என்றால் பாளையங்கோட்டையில் காலை ஐந்தரை. என் பெரியம்மா காப்பி போட்டுவிட்டு வேதப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் பேச ஓர் ஆள் எனக்கு அங்கே கிடைத்தார்.

மற்ற மூவரை இங்கேயே தேடுங்கள். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவன், "என்னைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை" என்று சொல்வான். புதிதாக வந்தவனின் குரல் அப்படியே அது. 1931ல் டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்து இந்தியர்களிடையே தொடங்கிய பெந்தெகொஸ்தே ஊழியம் ஒன்று அந்தக் குளத்தின் பெயரையே வைத்துக்கொண்டது. அதன் கிளைச் சபைகள் பல இன்றும் இருக்கின்றன. மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, ஆங்கிலிக்கன், கத்தோலிக்கக் கோயில்களும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து வந்தவர்கள் இங்குள்ள ஆங்கிலிக்கன் சபையில் தயங்காமல் திருவிருந்துக்குப் போகலாம். இரண்டும் ஒரே உலக ஐக்கியத்தைச் சேர்ந்தவை.

ஆராதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராசிலிருந்து வந்து டர்பனில் நின்ற ட்ரூரோவிலேயே, இந்திய ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்த முதல் கப்பலிலேயே, கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் இருக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் பாட்டியிடம் கேட்டுப் பழகிய ஒரு கீர்த்தனையின் பல்லவி வாயில் இருக்கும். என் நாலு பேரில் ஒருவர் அப்படிப்பட்ட ஓர் ஆயா, அதாவது பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் நான் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, "ஏன் அம்மா?" என்று அந்த இரண்டு சொல்லைத் தமிழில் கேட்டார். மீதி எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆராதனை முடிந்ததும் காருக்கு ஓடாமல் அந்தத் தேநீருக்கு நில்லுங்கள்.

இரண்டாவது: "ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று நாளைத் தள்ளாதீர்கள்

நான் பதினாறு நாள் தள்ளினேன். உபவாசம் இருந்தேன்; கட்டி கரைந்துவிட்டதா என்று தினமும் தடவிப் பார்த்தேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயம். மருத்துவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்துக்கு நான் ஜெபத்தின் பெயரை வைத்திருந்தேன். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கையால் சோதித்தல், மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்டு, தேவைப்பட்டால் ஊசியால் சிறிது சதையெடுத்துப் பார்க்கும் பயாப்சி. தேவையான சோதனைகள் முடியாமல் யார் சொல்வதையும் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏசாயா 38ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சாகும் தறுவாயில் நோயாய்க் கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். ஆண்டவர் 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறார். வாக்கு வந்த பிறகும் ஏசாயா என்ன செய்யச் சொன்னான்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னான். வாக்கும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. பவுலோடு பயணம் செய்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் நிருபம் அழைக்கிறது.

இந்த டர்பனிலேயே அதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. செயின்ட் எய்டன்ஸ் மிஷனை நடத்திய மருத்துவர் பூத், ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். டர்பன் வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையில் அவர் தலைமையில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி திறந்தபோது, காந்தி தினமும் ஒன்று, இரண்டு மணி நேரம் அங்கே போய் நோயாளிகளின் குறை கேட்டு மருத்துவரிடம் சொல்லி மருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கே வந்தவர்களில் பலர் தமிழ், தெலுங்கு ஒப்பந்தக் கூலிகள். ஜெபிக்கும் கையும் மருந்து கொடுக்கும் கையும் இந்த மண்ணில் நம் ஆட்களுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

இனி நடைமுறை. தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால், சேர்ந்த தேதியைப் பாருங்கள். பொதுவாக 3 மாதமும், சேரும் முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம் வரையும் காத்திருப்புக் காலம் விதிக்கத் திட்டங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மறுபக்கம், எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய குறைந்தபட்சச் சிகிச்சைகளின் பட்டியலும் சட்டத்தில் உண்டு. சிகிச்சை பலன் தரக்கூடிய புற்றுநோய்கள் பல அதில் அடங்கும். அறுவைக்கு முன்பே அனுமதி எண் வாங்கிவிடுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

காப்பு இல்லாதவர் பக்கத்து அரசு கிளினிக்கிலோ ஒரு மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டு, விசா, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு நான்கையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். விடியுமுன்பே போய்விடுங்கள். போர்வை, சுடுதண்ணீர், தின்ன ஏதாவது. அவசர ஆபத்து என்றால் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்: அவசரச் சிகிச்சை யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்று நாட்டின் அரசியலமைப்பு 27ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

வரிசையில் பொறுமையாக இருப்பதைக் கிறிஸ்தவப் பண்பு என்று எண்ணி வாயடைத்து இருந்துவிடாதீர்கள். நம் மாகாணமான குவாசூலு நட்டாலில் புற்றுநோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததைத் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் விசாரித்து, அது உரிமை மீறல் என்று 2017ல் அறிக்கை கொடுத்தது. லூக்கா 18ல் வரும் விதவை நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாளே, அவளைப் போலப் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள், கவுன்டரில் இருப்பவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், "எனக்கு எந்தத் தேதி?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வீடு திரும்பாதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் எப்படி ஜெபிப்பது

பயாப்சி முடிவு வர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. இந்த முழுப் பயணத்திலும் கொடியது அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

நீண்ட ஜெபம் வராவிட்டால் குறுகியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9ல் ஒரு தகப்பன் கதறுகிறான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஸ்கேன் அறையில் அசையாமல் கிடக்கும்போது அதைத்தான் சொன்னேன். கோபம் வந்தால் அதையும் ஜெபத்தில் வையுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு துதி வரிகூட இல்லை. அப்படிப்பட்ட பாட்டையும் ஆண்டவர் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார். நம் வீடுகளில் 23ஐயும் 91ஐயும் மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்; நோயாளிக்கு 88 தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

தூக்கமும் சாப்பாடும் ஆவிக்குரிய காரியங்களே. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி, "சாப்பிடு" என்றான், மறுபடி தூங்கவிட்டான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவ சாடாக் என்ற அமைப்பு நாடு முழுவதும் தொலைபேசியில் பேசுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பது போலத்தான்.

அறுவை நாளன்று விடியற்காலையில் வார்டில் ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். இரவுப் பணி முடித்த செவிலியரும் பகல் பணிக்கு வந்தவர்களும் வட்டமாக நின்று சூலு மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தொடங்க மற்றவர்கள் கீழ்க்குரலில் சேர்ந்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. பாட்டு முடிந்து ஒரு ஜெபம், அதன் கடைசியில் "ஆமென்". அதை மட்டும் நானும் சொன்னேன். அறுவைக்கு என் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அவர்களே. இந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. நீங்கள் படுத்திருக்கும் வார்டிலும் கேட்டால் காதைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள்

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. உங்களிடமும் சிலர், "எந்தப் பாவத்தினால் இது வந்தது என்று ஆராய்ந்து பாருங்கள்" என்பார்கள். என்னிடம் ஒரு சகோதரி, நான் ஊரை விட்டு வந்ததே தேவ சித்தத்துக்கு விரோதம் என்றார். மூன்று நாள் அதை மென்றுகொண்டிருந்தேன். யோவான் 9ல் பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டார். அப்படிப் பேசுகிறவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். "களைப்பாக இருக்கிறது அக்கா" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை கதவைத் திறக்கும் வேலையை உங்கள் நாலு பேரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர் வந்தால் மட்டும் மரியாதை பார்க்காதீர்கள். "மாத்திரை போடுவது சந்தேகத்தின் அடையாளம்" என்று ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதே பேச்சில் காணிக்கைக்கு வங்கிக் கணக்கு எண்ணும் சொன்னார். 2016ல் லிம்போப்போ மாகாணத்தில் ஒரு போதகர், நோய் தீரும் என்று விசுவாசிகளின் முகத்தில் பூச்சிமருந்து அடித்தார். இப்படிப்பட்ட காரியங்கள் பெருகியதால், மதத்தை வியாபாரமாக்குவதைப் பற்றி இந்நாட்டில் ஓர் அரசு ஆணையமே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. நோயாளியின் பயத்தில் பணம் பார்க்கிறவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அதற்காகச் சபையின் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். யாக்கோபு 5ல், வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்றிருக்கிறது. வரவழைக்க வேண்டியது நீங்கள்தான். நீங்கள் சொல்லாமல் பாஸ்டருக்குத் தெரியாது. அறுவைக்கு இரண்டு நாள் முன்பாக வீட்டுக்கு வரச் சொல்லி, எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேளுங்கள். கத்தோலிக்கர் நோயில்பூசுதலுக்குக் குருவிடம் கேட்கலாம். அது சாகப்போகிறவருக்கு மட்டும் என்று பயப்பட வேண்டாம். அந்த எண்ணெயின் ஈரம் நெற்றியில் இருந்தது எனக்கு எந்த விளக்கத்தையும்விடப் பலமாக இருந்தது.

ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா

எல்லாரும் "வேலூருக்கு வந்துவிடு" என்பார்கள். 1900ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த மருத்துவமனைமேல் நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை பெரியது, நியாயமானதும்கூட. போவதென்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே முடிவெடுங்கள். பாதியில் விட்டுப் போகாதீர்கள். பயாப்சியின் கண்ணாடித் தகடுகளையும் ஸ்கேன் படங்களின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அம்மா அப்பாவிடம் மறைக்க வேண்டாம். மூன்றாம் ஆள் வழியாகத் தெரிந்தால் இரட்டை வலி. பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். "அம்மாவுக்குக் குணமாகும் என்று இயேசு சொல்லிவிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கொடுக்க முடியாத வாக்கை ஆண்டவர் பெயரில் கொடுத்தால், பின்னால் அடிபடுவது பிள்ளையின் விசுவாசம்.

சிகிச்சைக்குப் பிறகு

"சாட்சி சொல்லுங்கள்" என்று மேடைக்கு அழைப்பார்கள். விருப்பமிருந்தால் சொல்லுங்கள். அதே சபையில் குணமாகாதவர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதினார். தன் உடலை வருத்திய "முள்" நீங்க வேண்டும் என்று மூன்று தரம் கேட்டும் அவருக்குக் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே.

என் ஆயாவுக்கு அடுத்த ஆண்டே சிறுநீரகம் கெட்டது. என்னைவிட அதிகமாக ஜெபித்தவர் அவர். சுகமாகவில்லை. கடைசி நான்கு மாதம் வாரத்தில் ஒரு நாள் டயாலிசிசுக்குக் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. வண்டியில் அவர் பாட்டி வழியே வந்த அந்தப் பல்லவியைப் பாடுவார். அவருக்குத் தெரியாத சரணங்களை நான் பாடுவேன். ஏன் எனக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போலப் பேசுகிறவர்களிடமிருந்து நான் விலகி நிற்கிறேன்.

மறுபரிசோதனை நாள் நெருங்கும்போதெல்லாம் பயம் திரும்ப வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கும் வருகிறது. அந்த வாரத்தில் நாலு பேரையும் மறுபடி கூப்பிடுங்கள், "இன்னுமா?" என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் உங்களுக்கே அழைப்பு வரும். வேறு யாரோ ஒரு புதுக் குடும்பம். அழைத்தவர் அழுதால், அவசரப்பட்டு வசனம் தேட வேண்டாம். எந்த மருத்துவமனை, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.